டேட்டாபேஸ் சர்வர் விழுந்தால்: முதலில் நாள்வழியைப் படியுங்கள்

கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் சுமார் ஒரு லட்சம். 1994-இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அவைதாம் அடித்தளம். அத்தனை பெரிய சேகரிப்பில் பட்டியல் தொலைந்தால் புத்தகம் இருந்தும் இல்லாத மாதிரிதான். இன்று பட்டியல்கள் டேட்டாபேஸில் இருக்கின்றன. காரைக்குடி வட்டாரத்துக் கடை பில்லும் பள்ளிக் கட்டணமும் மருத்துவமனைப் பதிவும் அப்படியே. பல இடங்களில் எல்லாம் ஒரே கணினி, பேட்டரி தளர்ந்த ஒரு யூபிஎஸ். கோடை இடியில் கரண்ட் போனால் சர்வர் விழுகிறது.

விழுந்ததை எழுப்புவது எப்படி என்பதற்கான வரிசை இது. மைஎஸ்கியூஎல், மரியாடிபி வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. போஸ்ட்கிரஸுக்கும் வரிசை பெரும்பாலும் இதுவே.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டியடியில் வரவு செலவு முதலில் நாள்வழியில் விழும், பிறகுதான் பேரேட்டில் ஏறும். டேட்டாபேஸும் அப்படித்தான். ஒவ்வொரு மாற்றத்தையும் ரீடூ லாக் என்ற கோப்பில் முதலில் எழுதும், சாவகாசமாக டேபிளில் ஏற்றும். போஸ்ட்கிரஸில் அதன் பெயர் வால். நடுவில் விழுந்தால், எழும்போது அந்த லாகைப் படித்து, விட்டுப்போனதை ஏற்றிக்கொள்ளும், முடியாத பரிவர்த்தனையைத் திருப்பிவிடும். பெரும்பாலான விபத்துகளில் இது தானாகவே நடந்துவிடுகிறது. இடையில் பதறிப்போய் நாம் கை வைப்பதால் வரும் சேதமே அதிகம்.

1. உண்மையிலேயே விழுந்ததா?
சாஃப்ட்வேர் திறக்கவில்லை என்றால் சர்வர் விழுந்தது என்று அர்த்தமில்லை. ‘டூ மெனி கனெக்ஷன்ஸ்’ என்று வந்தால் சர்வர் உயிரோடுதான் இருக்கிறது. இணைப்பு வரம்பு நிரம்பிவிட்டது. மைஎஸ்கியூஎல் இயல்பாக அனுமதிப்பது 151 இணைப்புகள். இதற்கு நேர்மாறும் உண்டு: விழுந்த சர்வரை லினக்ஸே மறுபடி கிளப்பிவிடும், யாருக்கும் தெரியாது. சர்வர் எத்தனை நேரமாக ஓடுகிறது என்று கேளுங்கள். நேற்று தொடங்கியது பத்து நிமிடம் என்று காட்டினால், விழுந்து எழுந்திருக்கிறது.

2. நகல் எடுங்கள்
எழ மறுக்கிற சர்வரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். அது நின்ற நிலையிலேயே டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். லாக் கோப்புகளும் அதோடு போகட்டும். இனி செய்யும் சோதனையெல்லாம் நகலில்தான்.

3. எரர் லாகைப் படியுங்கள்
விழுந்த நேரத்தைத் தேடி, அதற்கு முந்தைய வரிகளைப் பாருங்கள்.

- லாக் பாதியில் அறுந்து, அடுத்த வரி புதிய தொடக்கமாக இருக்கிறதா? கணினியும் அதே நேரத்தில் பூட் ஆகியிருந்தால் பெரும்பாலும் கரண்ட். கணினி ஓடிக்கொண்டே இருந்தால் லினக்ஸ் கெர்னல் லாகில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தேடுங்கள். மெமரி தீர்ந்தால் கெர்னல் பெரிய புரோகிராமைக் கொன்றுவிடும். கொல்லப்பட்டது டேட்டாபேஸ் என்றால் சிக்னல் 9. மைஎஸ்கியூஎல்லின் சொந்த லாகில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.
- சிக்னல் 11: கீழே ஓடிக்கொண்டிருந்த குவெரி பதிவாகியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் அதே குவெரியில் விழுந்தால் மென்பொருள் பிழையைச் சந்தேகியுங்கள். விழும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேமைச் சோதியுங்கள்.
- சிக்னல் 6: தரவில் முரண்பாட்டைக் கண்டு சர்வர் தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம். காரணம் அதற்கு மேலுள்ள வரிகளில் இருக்கும்.
- எண் 28: டிஸ்க் நிரம்பிவிட்டது. எண் 5: டிஸ்க்கில் படிக்கவோ எழுதவோ முடியவில்லை. டிஸ்க் சாகும் நிலையில் இருக்கலாம். ஸ்மார்ட் சோதனை செய்யுங்கள்.

4. காரணத்துக்கு ஏற்ற மருந்து
மெமரி: மைஎஸ்கியூஎல்லில் டேபிள்களைச் சேமித்துக் கையாளும் பகுதி இன்னோடிபி. அது ரேமில் பிடித்துக்கொள்ளும் பஃபர் பூல் இயல்பில் 128 எம்பி. வேகம் வேண்டும் என்று யாரோ அதை மொத்த ரேமுக்கும் ஏற்றியிருப்பார்கள். அதே கணினியில் வெப் சர்வரும் ஓடினால் இடம் எங்கே? குறையுங்கள்.

டிஸ்க்: மைஎஸ்கியூஎல் 8.0 பைனரி லாகை இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். டேட்டாபேஸுக்குள் இருந்து பர்ஜ் கட்டளையால் கழியுங்கள். இடம் வேண்டும் என்று ரீடூ லாகையோ போஸ்ட்கிரஸின் வால் கோப்புகளையோ கையால் அழிக்காதீர்கள். அழித்தால், பேரேட்டில் ஏறாத வரவு செலவு நாள்வழியோடு போய்விடும்.

கரண்ட்: இன்னோடிபி பக்கம் ஒன்று 16 கேபி. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பக்கம் கிழியும். அதற்காகவே டபுள்ரைட் என்ற காப்பு இருக்கிறது, அதை அணைக்காதீர்கள். மீட்பு நடக்கும்போது நேரமாகிறதே என்று இடையில் நிறுத்தாதீர்கள். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகி, பேட்டரி இறங்கினால் தானாக ஷட்டவுன் ஆகும்படி அமையுங்கள்.

5. எழவே இல்லை என்றால்
நகலில், இன்னோடிபியின் ஃபோர்ஸ் ரெக்கவரி மதிப்பை 1-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 6 வரை உண்டு. ஆனால் 4-ஐத் தொட்டாலே தரவு நிரந்தரமாகக் கெடலாம். சர்வர் எழுந்ததும் வேலையைத் தொடராதீர்கள். எல்லாவற்றையும் டம்ப் எடுத்து, புதிதாக நிறுவிய சர்வரில் ஏற்றுங்கள்.

6. பேக்கப்பைச் சோதியுங்கள்
2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். போனது சுமார் 300 ஜிபி. ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதையும் நம்ப முடியவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் வெளியிட்டதால் இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது.

நீங்களும் என்ன நடந்தது, லாகில் என்ன இருந்தது, எதை மாற்றினீர்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, அதை எடுத்த நாளின் கடைசி பில் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் உங்களிடம் பேக்கப் இல்லை.