மின்னல் சதுரங்கத்தில் ஹிகாரு நகமுரா: ஓர் ஆய்வு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

சதுரங்கம் என்றவுடன், இருவர் ஒரு பலகையின் முன் கன்னத்தில் கை வைத்து மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் காட்சிதான் பலருடைய நினைவுக்கு வரும். அக்காட்சி இன்றும் மறைந்துவிடவில்லை. எனினும், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், கணினித் திரையின் வழியே மூன்று நிமிடத்திலும் ஒரு நிமிடத்திலும் ஆடி முடிக்கும் வேறொரு சதுரங்கம் அதன் அருகிலேயே வளர்ந்து நிற்கிறது. 1995-இல் இன்டர்நெட் செஸ் கிளப் தோன்றியபோது அது ஒரு சிலரின் பொழுதுபோக்கு. இன்றோ நம் கல்லூரி விடுதியில் இரவு பத்து மணிக்கு மேல் கைபேசியுடன் விழித்திருப்போரில் சிலராவது அதைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நிமிட ஆட்டத்தை ‘பிளிட்ஸ்’ என்றும், ஒரு நிமிட ஆட்டத்தை ‘புல்லட்’ என்றும் வழங்குவர். முன்னது மின்னல், பின்னது துப்பாக்கிக் குண்டு. பெயர்ப் பொருத்தம் நன்றாகவே இருக்கிறது.

இவ்வகை ஆட்டத்தில் உலகின் முன்னணியில் நிற்கும் மிகச் சிலருள் ஒருவர் ஹிகாரு நகமுரா. 1987 டிசம்பர் 9 அன்று ஜப்பானில் ஒசாகாவை அடுத்த ஹிராகதா நகரில் பிறந்து, இரண்டு வயதில் அமெரிக்கா சென்றவர். அவருடைய தாயார் பின்னர் மணந்துகொண்ட சுனில் வீரமந்திரி, இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட சதுரங்கப் பயிற்சியாளர். நகமுராவுக்குக் காய் நகர்த்தும் கலையைப் பழக்கியவர் அவரே. 2003-இல் பதினைந்தாம் வயதில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்று, அமெரிக்கர்களில் மிக இளையவர் என்ற பாபி ஃபிஷரின் பழைய சாதனையை முறியடித்தார். 2005 முதல் 2019 வரை ஐந்து முறை அமெரிக்க வாகையர் பட்டத்தை வென்றார். 2009-இல் ஒரு நிமிட ஆட்டத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதில் பங்குகொண்ட மற்றொருவர் புரூஸ் ஹார்ப்பர். இவரது ஆட்டப் பாங்கு எத்தகையது, வலிமை எங்கே இருக்கிறது, திருத்திக்கொள்ள வேண்டியது எது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு கணக்குகள்

முதலில் இரண்டு கணக்குகளை வாசகர் முன் வைக்கிறேன். இரண்டிலும் எதிராளி ஒருவரே: நார்வே நாட்டின் மாக்னஸ் கார்ல்சன்.

இணையத்தில் நடைபெறும் ‘ஸ்பீட் செஸ் சாம்பியன்ஷிப்’ பட்டத்தை 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் நகமுரா வென்றார். 2022 இறுதிப் போட்டியில் கார்ல்சனை 14.5–13.5 என்று வீழ்த்தினார். 2023 இறுதிப் போட்டியில் அதே கார்ல்சனிடம் 12.5–13.5 என்று தோற்றார். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 27–27. தராசின் இரு தட்டும் சமம்.

இனி நெடுநேர ஆட்டத்தைக் காண்போம். 2016 ஜூலையில் ஸ்பெயின் நாட்டின் பில்பாவோ நகரில்தான் நகமுரா முதன்முறையாகக் கார்ல்சனை நெடுநேர ஆட்டத்தில் வென்றார். அதற்கு முன்பு இருவரும் ஆடியவற்றில் 12 ஆட்டங்களில் கார்ல்சன் வெற்றி, 18 சமநிலை, நகமுராவின் வெற்றி பூஜ்யம். புள்ளிக் கணக்கில் சொன்னால் 9–21. ஆண்டுகள் வேறு, வயது வேறு என்பதால் இவ்விரு கணக்குகளையும் அப்படியே ஒப்பிடுவது முறையாகாது என்று ஒருவர் வாதிடலாம். அதில் நியாயம் உண்டு. ஆயினும் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, காலம் மட்டுமே காரணம் என்று தள்ளிவிட முடியவில்லை.

கடிகாரம் என்னும் முப்பத்து மூன்றாவது காய்

பலகையில் இரு பக்கமும் சேர்ந்து 32 காய்கள். மின்னல் ஆட்டத்தில் கடிகாரத்தையும் ஒரு காயாகவே எண்ண வேண்டும். மேற்சொன்ன இறுதிப் போட்டிகளில் முதல் ஒன்றரை மணி நேரம் ஐந்து நிமிட ஆட்டங்கள், அடுத்த ஒரு மணி நேரம் மூன்று நிமிட ஆட்டங்கள், கடைசி அரை மணி நேரம் ஒரு நிமிட ஆட்டங்கள் என்பது விதி. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு வினாடி கூடுதலாகச் சேரும். நாற்பது நகர்த்தல் கொண்ட ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நகர்த்தலுக்குக் கிடைப்பது முறையே 8.5 வினாடி, 5.5 வினாடி, 2.5 வினாடி. உலக வாகையருக்கு அறைகூவல் விடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும் ‘கேண்டிடேட்ஸ்’ போட்டியிலோ முதல் நாற்பது நகர்த்தலுக்கு 120 நிமிடம். அதாவது ஒன்றுக்கு 180 வினாடி. ஒரு முழு மின்னல் ஆட்டத்திற்கு ஒருவர் பெறும் நேரம், இங்கே ஒரே ஒரு காயை நகர்த்துவதற்கு!

இரண்டரை வினாடியில் மனிதன் என்ன சிந்திக்க முடியும்? உண்மையில் சிந்திப்பதில்லை, அடையாளம் கண்டுகொள்கிறான். 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினர். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த காய் அமைப்பு ஒன்றை ஐந்து வினாடி மட்டும் காட்டி, அதை நினைவிலிருந்து வேறு பலகையில் அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த வீரர் பெரும்பகுதியைச் சரியாக அடுக்கினார். புதியவரோ சில காய்களோடு நின்றுவிட்டார். ஆனால் காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டியபோது தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தேர்ந்தவரிடம் இருப்பது பொதுவான நினைவாற்றல் அன்று, பழகிய அமைப்புகளின் களஞ்சியம் என்பது இதனால் விளங்குகிறது. நாம் ‘கல்லூரி’ என்ற சொல்லைப் படிக்கும்போது எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை அல்லவா? அதைப் போன்றதே இது. சிறு வயது முதல் இணையத்தில் பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடிய நகமுராவின் களஞ்சியம் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆட்டப் பாங்கு

அவருடைய தொடக்க ஆட்டத்தைக் கவனித்தால் ஒன்று புலப்படும். எதிராளி வீட்டில் மனனம் செய்து வந்த பாதையில் அவர் போக விரும்புவதில்லை. மின்னல் ஆட்டத்தில் பெரும்பாலும் ராணிப்பக்கக் குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி மந்திரியைக் கோணத்தில் நிறுத்துவது போன்ற அடக்கமான தொடக்கங்களை ஆடுவார். அதில் பெரிய இலாபம் இல்லை. ஆனால் எதிராளி மூன்றாவது நகர்த்தலிலிருந்தே சொந்தமாக யோசிக்க வேண்டி வரும். யோசித்தால் கடிகாரம் ஓடும். அதுதான் அவருக்கு வேண்டியது.

இந்தத் துணிச்சலை அவர் நெடுநேர ஆட்டத்திலும் ஒருமுறை காட்டினார். 2005-இல் ஸ்காண்டிநேவியாவில் நடந்த சிகமன் போட்டியில் நம் சென்னை கிராண்ட்மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரணுக்கு எதிராக, இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே இழுத்துப் பலகையின் ஓரத்தில் நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் நான்கே நகர்த்தலில் ‘மேட்’ செய்யப் பார்க்கும் சிறுவர்கள் ஆடுவது அது! சதுரங்க உலகம் வியந்தது. சசிகிரண் பதறவில்லை. ஆட்டம் 87 நகர்த்தல் நீண்டு, முடிவில் அவரே வென்றார். நேரம் இல்லாத எதிராளியைக் குழப்பும் நகர்த்தல், நேரம் உள்ள எதிராளியிடம் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்தது அவருடைய விடாப்பிடி. தோற்றுப்போன நிலை என்று மற்றவர் கைவிடும் இடத்தில் அவர் வேலையைத் தொடங்குகிறார். ஒவ்வொரு நகர்த்தலிலும் எதிராளிக்கு ஒரு சிறு கேள்வியை வைத்துக்கொண்டே இருப்பார். ஒன்பது கேள்விக்கு விடையளித்தவர் பத்தாவதில் தவறுவார். அல்லது அவருடைய கடிகாரம் நின்றுவிடும். மூன்றாவதாக முன்-நகர்த்தலைச் சொல்ல வேண்டும். எதிராளி இன்னது ஆடுவார் என்று கணித்து, அவர் ஆடுமுன்னரே தம் மறுமொழியைக் கணினியில் பதிந்துவிடும் வசதி இது. கணிப்பு பிழைத்தால் காய் போய்விடும். நகமுரா இதைக் கையாளும் விதம் கைத்தறியில் நாடா ஓடுவதைப் பார்ப்பது போலிருக்கும்.

இவை எல்லாம் சேர்ந்த ஆட்டம் ஒன்று உண்டு. 2008-இல் அந்நாளில் மிக வலிமை வாய்ந்த ‘ரிப்கா’ என்ற கணினி நிரலை எதிர்த்து இணையத்தில் ஆடிய மின்னல் ஆட்டம் அது. கணக்கிடுவதில் இயந்திரத்தை வெல்ல முடியாது என்று அறிந்த நகமுரா, சிப்பாய்களைப் பூட்டி நிலையை முற்றிலும் அடைத்துவிட்டார். இயந்திரத்திடம் காய்ப் பலம் அதிகம். ஆனால் நுழைய வழியில்லை. சதுரங்கத்தில் ஐம்பது நகர்த்தல் வரை எந்தக் காயும் வெட்டப்படாமல், எந்தச் சிப்பாயும் நகராமல் இருந்தால் ஆட்டம் சமநிலை என்று ஒரு விதி உண்டு. தான் முன்னணியில் இருப்பதாக எண்ணிய இயந்திரம், சமநிலையைத் தவிர்க்கவேண்டித் தானே கோட்டையைத் திறந்துவிட்டது. நகமுரா உள்ளே புகுந்தார். சிப்பாய்களை ராணியாக்காமல் வேண்டுமென்றே மந்திரிகளாக மாற்றி, 271 நகர்த்தலில் வென்றார். மந்திரிகளாக மாற்றியது கொஞ்சம் குறும்பு என்பது என் கருத்து. ஆனால் எதிராளியின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்து ஆடுவதில் அவருக்குள்ள திறமைக்கு, அந்த எதிராளி மனமே இல்லாத இயந்திரமாக இருந்தும், இது நல்ல எடுத்துக்காட்டு.

எங்கே தடுமாறுகிறார்?

நெடுநேர ஆட்டம் அவருக்கு வராது என்று சொல்வது அறியாமை. 2011 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ நகரில் நம் விஸ்வநாதன் ஆனந்த், கார்ல்சன், அரோனியன், கிராம்னிக் ஆகிய அனைவரையும் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பெற்றார். 2019-க்குப் பிறகு ஈராண்டுக்கு மேல் பலகையின் முன் அமர்ந்து நெடுநேர ஆட்டம் எதுவும் ஆடாமல், இணையத்தில் ஆடுவதும் அதை மக்களுக்கு விளக்கிக் காட்டுவதுமாக இருந்தவர், 2022 பிப்ரவரியில் பெர்லினுக்கு வந்து கிராண்ட் பிரீ போட்டியை வென்றார். 2023-இல் நார்வே செஸ் போட்டியிலும் முதலிடம். மின்னல் ஆட்டம் நெடுநேர ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்ற பழைய எச்சரிக்கை இவர் அளவில் பலிக்கவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மின்னல் ஆட்டக்காரன் ‘சிறந்த’ நகர்த்தலைத் தேடுவதில்லை. ‘போதுமான’ நகர்த்தலை உடனே எடுக்கிறான். நூற்றுக்குத் தொண்ணூறு நிலைகளில் அதுவே அறிவுடைமை. ஆனால் ஓர் ஆட்டத்தில் ஓரிரு இடங்களில் போதுமானது போதாது. ஒரே ஒரு நகர்த்தல்தான் உண்டு. அந்த இடம் வந்துவிட்டது என்று உணர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். 2014-இல் ஜூரிச் நகரில் கார்ல்சனின் ராஜாவைச் சூழ்ந்து தாக்கி, வெற்றி கைக்கெட்டிய நிலையில், நகமுரா அதைத் தவறவிட்டுத் தோற்றதை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அவ்வளவு பெரிய வீரரைப் பற்றி நான் இப்படி எழுதுவது சிறு வாய்ப் பெரும் பேச்சுதான். ஆயினும் ஆட்டக் குறிப்பு எவரும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கிறது.

2022 ஜூலையில் மாட்ரிட் நகரில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் சீனாவின் டிங் லிரனோடு சமநிலை செய்தால் நகமுராவுக்கு இரண்டாம் இடம். தோற்றார், டிங் இரண்டாமவர் ஆனார். அதே மாதம் கார்ல்சன் தம் உலகப் பட்டத்தைக் காக்க ஆடப்போவதில்லை என்று அறிவிக்க, இரண்டாம் இடத்திற்கு உலகப் பட்டப் போட்டியில் ஆடும் உரிமை கிடைத்தது. 2023 ஏப்ரலில் அஸ்தானாவில் டிங்கும் நெப்போம்னியாச்சியும் 14 நெடுநேர ஆட்டங்களில் 7–7 என்று நின்றார்கள். உலக வாகையர் யார் என்பதை முடிவு செய்தவை விரைவு ஆட்டங்கள்! அந்த நாற்காலியில் நகமுரா அமர்ந்திருக்க வேண்டியவர். அரைப் புள்ளி குறைந்தது.

ஆகவே அவர் மேம்படுத்திக்கொள்ள வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவன: முக்கியமான கட்டத்தில் வேகத்தை அடக்குதல், குறிப்பிட்ட எதிராளிக்கென்று ஆழமாகத் தயாரித்தல், வென்றே தீரவேண்டிய நாளில் வெள்ளைக் காய்களுக்குக் கூர்மையான தொடக்கம் ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல். பின்னிரண்டும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை 2024 ஏப்ரலில் டொராண்டோ நகரில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டி காட்டியது. அங்கே இரண்டாம் சுற்றில், நாசிக் நகரைச் சேர்ந்த விதித் குஜராத்தி கறுப்புக் காய்களோடு வீட்டில் தயாரித்து வந்த மந்திரிப் பலி ஒன்றைக் கொடுத்து நகமுராவை வென்றார். ஒன்பதாம் சுற்றில் மறுபடியும் வென்றார். ஒரே எதிராளியிடம் இரண்டு தோல்வி.

கடைசிச் சுற்றுக்கு வந்தபோது நம் சென்னை குகேஷ் 8.5 புள்ளி; நகமுரா, கருவானா, நெப்போம்னியாச்சி மூவரும் தலா 8. குகேஷுக்கு எதிரே நகமுரா; வெள்ளைக் காய்கள் நகமுராவுக்கு. மின்னல் ஆட்டமாக இருந்திருந்தால் பதினேழு வயது குகேஷின் பக்கம் பந்தயம் கட்ட ஆள் கிடைத்திருக்காது. ஆனால் கடிகாரத்தில் இரண்டு மணி நேரம் இருந்தது. நகமுரா வைத்த கேள்விகளுக்கெல்லாம் குகேஷ் அவசரமின்றி விடையளித்தார். 71 நகர்த்தலில் சமநிலை. குகேஷ் 9, மற்ற மூவரும் 8.5.

விதித்திடம் இழந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்றையேனும் நகமுரா சமநிலை செய்திருந்தால், கணக்குப்படி அவருக்கும் 9 புள்ளி. முதலிடத்தில் இருவர் சமமாக நின்றால் விரைவு ஆட்டங்களால் தீர்ப்பது என்பது அப்போட்டியின் விதி.