சேற்றின் மேல் மணல் கொட்டாதே

அன்புள்ள கண்ணு,

கோழி அடைப்பு சேறாகிக் கிடக்கிறது, ஒரு லோடு எம்-சாண்ட் கொட்டலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். உங்கள் தோட்டம் கரிசல். அதன் மேல் கொட்டுகிற மணல் நாலு மழைக்குள் கோழிக்காலில் மிதிபட்டுச் சேற்றோடு சேறாகிவிடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்.

திருப்பூர்ச் சீமை மேற்கு மலையின் மழை மறைவில் இருப்பதால் இங்கே வடிகாலைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடித்து ஊற்றும்போதுதான் விழிப்போம். அப்படி ஒரு மழையில் குடையோடு போய் நின்று பார். கூரைத் தண்ணீர் முழுவதும் அடைப்புக்குள்தான் விழும். 10-க்கு 10 அடித் தகரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 460 லிட்டர். அதாவது முப்பது குடம்! நாலு அங்குலப் பிவிசி குழாயை நீளவாக்கில் அறுத்து, தகரத்தின் விளிம்பில் கட்டி, டிரம்முக்குத் திருப்பிவிடு. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது மேட்டிலிருந்து ஓடி வரும் தண்ணீர். வலைக்கு வெளியே, மேட்டுப் பக்கமாக, ஓரடி அகலம் அரையடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டு. எட்டடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் போதும். கண்ணளவை நம்பாதே, கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கிப் பிடித்துப் பார். முடிகிற இடம் வாழையாகவோ தென்னையாகவோ இருக்கட்டும். எச்சம் கலந்த தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகவே கூடாது. உறிஞ்சுகுழி போடலாம் என்று உன் மாமன் சொல்வான். ஓரடிக் குழி தோண்டி, இரண்டு தடவை தண்ணீர் நிரப்பி, மறுநாள் காலையில் போய்ப் பார்க்கச் சொல். தண்ணீர் அப்படியே நின்றால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

இதெல்லாம் முடிந்தபின் தரை. நாறும் மேல்மண்ணைச் சுரண்டி எருக்குழியில் போடு. கிராவல் கொட்டி, திமிசால் இடித்து, வெளித்தரையைவிட அரையடி உயர்த்து. பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளின் தரை மேடாக இருப்பதைக் கவனித்திருப்பாய். அழகுக்காகக் கட்டியதல்ல அது. மணல் இதற்கு மேல்தான். தண்ணீர்த் தட்டின் அடியில் மட்டும் முக்கால் ஜல்லி பரப்பு.

இத்தனை பாடும் ரத்தக் கழிச்சலுக்குப் பயந்துதான். எச்சத்தில் வெளியேறும் அந்தக் கிருமியின் முட்டை, ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஓரிரு நாளில் நோய் பரப்பும் அளவுக்கு முதிர்ந்துவிடும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அது சாகாது. சுண்ணாம்பைத் தூவிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. காய்ந்த தரைதான் மருந்து.

இன்னொன்று. கம்பெனியில் சும்மா கிடைக்கிறதே என்று பனியன் வேஸ்ட்டைச் சேற்றின் மேல் விரிக்காதே. பிரிந்த நூல் கோழியின் விரலில் சுற்றி இறுக்கிவிடும். கொத்தி விழுங்கினால் இரைப்பையில் அடைத்துக்கொள்ளும். தென்னை மட்டையை நறுக்கிப் போடு, அது போதும்.

அன்புடன்,
அப்புச்சி