நான்கு சில்லு இழுவை: மோட்டாரை வாங்குமுன் வயரைப் பாருங்கள்

அல்லைப்பிட்டியில் எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை. பண்ணையிலிருந்து வரும் வீதியின் இரு பக்கமும் உப்புத் தண்ணீர். சோளகம் வீசும் மாதங்களில் அந்த உப்பு கதவுக் கொண்டியிலும் கிணற்றுக் கப்பியிலும் படிகிறது. வாகனத்தின் அடியில் ஓடும் வயர்களையும் அது விடுவதில்லை.

1990இலும் 2006இலும் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்து தோட்டத்தை மீண்டும் தொடங்கும் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து பழைய டபிள் கப் வாகனம் ஒன்றை வாங்கினால், அது அவர்கள் எல்லோருடைய சேமிப்பு. மாரியில் சேற்றிலும் மணலிலும் அதை இழுத்து வரவேண்டியது முன் சில்லுகள். அவை இழுக்காவிட்டால் "மோட்டார் போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்ற சொல்தான் முதலில் காதில் விழும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு போக வருமானத்தை அதில் போடுமுன் சில சோதனைகளை நாமே செய்யலாம்.

இது எப்படி வேலை செய்கிறது?

சாதாரண ஓட்டத்தில் பின் சில்லுகள் மட்டுமே இழுக்கும். கியர்ப் பெட்டிக்குப் பின்னால் உள்ள ட்ரான்ஸ்பர் பெட்டி, எஞ்சின் வலுவை முன் பக்கமும் அனுப்புகிறது. சில வாகனங்களில் இதைக் கைத்தடியால் மாற்றுவோம். சிலவற்றில் சுவிட்சைத் திருப்ப ஒரு சிறு மின் மோட்டார் மாற்றும். முன் அச்சை இணைக்க வேறொரு மோட்டார் இருக்கலாம். மிற்சுபிசி பிக்கப்புகள் சிலவற்றில் அந்த வேலையை வெற்றிடக் காற்றுக் குழாய்களும் அவற்றைத் திறந்து மூடும் மின் வால்வுகளும் செய்கின்றன. இணைப்பு முடிந்ததும் ஓர் உணர் சுவிட்ச் முன் பலகையிலுள்ள லைற்றை எரிய வைக்கும்.

லைற் சொல்வது என்ன?

வாகனத்தை மணலில் மெதுவாக நகர்த்துங்கள். ஒருவர் பக்கவாட்டில் விலகி நின்று முன் சில்லைக் கவனிக்கட்டும். வாகனத்துக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது.

• முன் சில்லு இழுக்கிறது, லைற் எரியவில்லை: இழுவையில் பிழையில்லை. மின்குமிழையும் உணர் சுவிட்சையும் அதன் வயரையும் பாருங்கள்.

• லைற் மினுங்கிக்கொண்டே இருக்கிறது: மாற்றம் பாதியில் நிற்கிறது. பற்கள் நேராகச் சந்திக்காததாலும் இப்படி வரும். சில மீற்றர் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மினுங்கினால் வயர், மோட்டார், வெற்றிடக் குழாய் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

• லைற்றும் இல்லை, இழுவையும் இல்லை, சத்தமும் இல்லை: மின்சாரமே போகவில்லை என்று எண்ணித் தொடங்குங்கள்.

சோதிக்கும் ஒழுங்கு

1. பற்றறி. எஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற பின் 12.6 வோல்ற் அளவு காட்ட வேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. பற்றறி தளர்ந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியும் தடுமாறும்.

2. பியூஸ். எரிந்திருந்தால் அதே அம்பியர் பியூஸ் போடுங்கள். செப்புக் கம்பியோ சிகரெட் தாளோ வேண்டாம், வாகனமே எரியலாம். மறுபடியும் எரிந்தால் எங்கோ வயர் உராய்ந்து இரும்பில் முட்டுகிறது.

3. பிளக். மோட்டாருக்குப் போகும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சைத் தூள் இருந்தால் அது உப்பு தின்ற செப்பு.

4. ஏர்த். தீவுப்பகுதியில் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இது. மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் மறை முனையிலும் மற்றதை மோட்டாரின் ஏர்த் வயரிலும் வையுங்கள். இன்னொருவர் சுவிட்சைத் திருப்பும் அந்த ஓரிரு வினாடிக்குள் வாசியுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் இணைப்புப் பழுது. மோட்டாரின் இரு வயர்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கே போனால், அந்தப் பெட்டியின் ஏர்த்தை இதேபோலப் பாருங்கள்.

5. குழாய். வெற்றிட முறையானால், வெடித்த அல்லது கழன்ற இறப்பர்க் குழாய் உண்டா என்று பாருங்கள்.

6. இவை எல்லாம் சரியாக இருந்து, மோட்டாரின் பிளக்கில் முழு வோல்ற் வந்தும் அது அசையாவிட்டால், அப்போது மோட்டாரைச் சந்தேகிக்கலாம்.

மின்குமிழை மட்டும் நம்பலாமா?

சிறு சோதனைக் குமிழ் எரிந்தால் மின் வருகிறது என்று பலர் நிறுத்திவிடுவார்கள். குமிழுக்குக் கொஞ்ச மின்னோட்டம் போதும், மோட்டாருக்குப் போதாது. துருப்பிடித்த இணைப்பில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். மோட்டார் 5 அம்பியர் இழுத்தால் 5 × 0.5 = 2.5 வோல்ற் அங்கேயே தொலைகிறது. 12.5 வோல்ற்றில் மோட்டாருக்குக் கிடைப்பது 10 மட்டுமே. அதனால்தான் வேலை நடக்கும்போது அளக்கச் சொல்கிறோம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் வயர்களில் சோதனைக் குமிழை வைக்கவே வேண்டாம், பெட்டி பழுதாகலாம்.

திருத்தமும் பராமரிப்பும்

முதலில் பற்றறியின் மறை முனையைக் கழற்றுங்கள். ஏர்த் இருக்கும் இடத்தை மணல்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள்.

வாகனத்தின் அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணறு உவரானால் அதனால் கழுவுவது உப்பை மறுபடியும் பூசுவதாகும். பிடித்து வைத்த மழைநீர் சிறந்தது.

மாதத்துக்கு ஒரு முறையாவது மணலில் நான்கு சில்லையும் இணைத்துச் சிறிது தூரம் ஓட்டுங்கள். அசையாமல் கிடப்பதுதான் இறுகும். ஆனால் காய்ந்த தார் வீதியில் இணைக்காதீர்கள். வளைவில் முன் சில்லும் பின் சில்லும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் பற்சக்கரங்கள் முறுக்கேறிப் பழுதாகும்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் குழுவில் மல்ரிமீற்றர் பிடிக்கத் தெரிந்தவர் யார்? இளம் பெண்களும் பழகலாமே?

2. "மோட்டார் போய்விட்டது" என்று கராச்சில் சொன்னால், "எந்த இடத்தில் எத்தனை வோல்ற் இருந்தது?" என்று கேட்க நமக்குத் துணிவு உண்டா?

3. வாகனத்தில் செய்த ஒவ்வொரு வேலையையும் திகதியோடு எழுதி வைக்க ஒரு கொப்பி உண்டா? இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்திலேயே ஒன்றைத் தொடங்குங்கள்.