கலைக்களஞ்சியத்தின் வாயிலில் புதியவரை எதிர்கொள்ளும் முறை

மலேசியாவின் கிள்ளானில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், தாம் பல்லாண்டு பணிபுரிந்த பள்ளியின் வரலாற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிவைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, இரவு பத்து மணிக்குக் கணினியின்முன் அமர்ந்து வெகு பிரயாசையுடன் தட்டெழுதிய பக்கம், மறுநாள் காலையில் ஒருவரி விளக்கமுமின்றி நீக்கப்பட்டிருக்குமானால், அவர் மீண்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? 2003ஆம் ஆண்டில் தோன்றி, இலங்கையைச் சேர்ந்த மயூரநாதன் முதலியோரின் அயராத சிரத்தையால் வளர்ந்து, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்த அக்கலைக்களஞ்சியம், ஊதியம் பெறாத தொண்டர்களாலேயே நடப்பது. ஆகவே வாயிலில் ஒருவர் மனம் நொந்து திரும்புவது அதற்குப் பெருநஷ்டம். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007க்குப் பின்னர்த் தொண்டர் தொகை குறைந்ததன் காரணத்தை ஆராய்ந்து ஹால்ஃபேக்கரும் அவருடைய சகாக்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரை, தரத்தைக் காப்பதற்கென்று ஏற்பட்ட விதிகளும் தானியங்கிக் கருவிகளுமே நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் விரட்டிவிட்டன என்று எடுத்துக்காட்டிற்று.

இத்தொண்டில் ஈடுபட்டுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு அன்பர்கள் முதலில் செய்யத்தக்கது, நாள்தோறும் ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைப் பார்வையிடுவது. நம் கடிகாரம் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே காலை ஆறு மணியாகும்போது அங்கே மூன்றரை மணிதான். அங்குள்ளோர் உறங்கும் நேரத்தில் புதிதாக வந்து நிற்பவரை எதிர்கொள்ள நம்மைவிட வசதி பெற்றவர் யார்?

கண்டவுடன் கைவைத்துவிடலாகாது. புதியவர் பெரும்பாலும் நான்கு வரி எழுதிச் சேமிப்பார், பிறகு இரண்டு வரி சேர்ப்பார்; இடையில் நாம் புகுந்து திருத்தினால் அவர் எழுதியதும் நாம் எழுதியதும் மோதி, தம் எழுத்தைச் சேமிக்க வகையறியாது அவர் திகைப்பார். ஒரு மணி நேரமாவது பொறுத்திருந்து, பக்கத்தின் வரலாற்றைப் பார்த்து, அவர் எழுதி முடித்த பின்னரே தொடங்குக. வரவேற்பு வார்ப்புருவை ஒட்டிவிட்டு அத்துடன் கடமை தீர்ந்ததென்று எண்ணுவோர் பலர். அது உபசாரமே அன்றி வரவேற்பன்று என்பது என் அபிப்பிராயம். எழுதியதை ஒருவர் படித்தார் என்று அறிவதே புதியவருக்கு உற்சாகம் தரும்.

அடுத்து, படித்ததில் குறை கண்டால் என் செய்வது? நம் நாட்டில் அடிக்கடி நேரும் குறை, பள்ளி விழா மலரிலோ கோயில் கும்பாபிஷேக மலரிலோ உள்ளதை அப்படியே எடுத்தெழுதுவது. பதிப்புரிமை காரணமாக அப்பகுதியை நீக்கியே ஆகவேண்டும். இதில் தாட்சண்யத்திற்கு இடமில்லை. ஆனால் அந்த மலர் பயனற்றதென்று எண்ணவேண்டாம். 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களைப் போலவே, மலரும் ஆதாரமாகக் காட்டத்தக்கதே என்பதை அவருக்குச் சொல்லவேண்டும். மற்றொரு குறை, புகழ்மொழி. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றி ஓர் இளைஞர் எழுதும்போது, அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதனை வானளாவப் போற்றுவது இயல்பே. நாதன் கைதான பின்னர்ப் போராட்டம் மூண்டெழுந்த செய்தியை ஆதாரத்தோடு எழுதினாலே அவர் பெருமை விளங்குமாதலால், அடைமொழிகளை மட்டும் குறைத்து, செய்தியை நிலைநிறுத்துக. முழுக் கட்டுரையும் இன்னும் பக்குவப்படவில்லையென்றால், நீக்குவதற்குப் பதிலாக எழுதியவருடைய பயனர்வெளிக்கு நகர்த்தி, அங்கே வளர்க்க வழிசெய்யலாம்.

திருத்திய பின், அவருடைய பேச்சுப் பக்கத்தில் இரண்டு மூன்று வரி எழுதுக. “வணக்கம் அம்மா. தங்கள் பள்ளியைப் பற்றிய கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். பள்ளி தொடங்கிய ஆண்டுக்கு விழா மலரின் பக்க எண் கிடைக்குமா? இரண்டாம் பத்தி மலரில் உள்ளவாறே இருந்தமையால் எடுத்திருக்கிறேன். தங்கள் சொந்த நடையில் எழுதினால் மீண்டும் சேர்க்கலாம். ஐயம் இருப்பின் இங்கேயே கேளுங்கள்” என்பது போதும். விதிப்பக்கங்களின் இணைப்புகளைப் பத்தாக அடுக்குவது, கச்சேரிக்கு வந்தவரிடம் கட்டணச் சட்டத்தை வாசித்துக் காட்டுவது போலாகும். ‘கித்தா’ (இரப்பர்) மரம் என்றும் ‘கிராணி’ (எழுத்தர்) என்றும் தோட்டப்புறத்தார் தலைமுறைகளாக வழங்கிவரும் சொற்களை, பிறநாட்டாருக்குப் பழக்கமில்லை என்ற காரணத்தால் எவரேனும் அடித்துவிட்டால், புதியவருக்காகப் பரிந்து பேசவேண்டியவரும் நாமே.

புதியவர்களை நேரில் கூட்டிக் கற்பிக்க விரும்புவோருக்குப் பிரிக்பீல்ட்ஸ் ஏற்ற இடம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் ஏறினால் கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். இங்கே ஒரு சிக்கலை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம்: ஒரே இணைய இணைப்பிலிருந்து நாளொன்றுக்கு ஆறு கணக்குகளுக்குமேல் தொடங்க விக்கிப்பீடியா சாதாரணமாக இடங்கொடாது. ஏழாவது மாணவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க நேராதபடி, யாவரும் வீட்டிலேயே கணக்குத் தொடங்கிவரச் சொல்லுங்கள். அல்லது முன்னதாகவே விலக்குக் கோரிப் பெறுங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் ஆக்கிய ‘செல்லினம்’ செயலியைக் கைப்பேசியில் நிறுவிவந்தால், தமிழில் தட்டெழுதும் தொல்லையும் பாதி தீரும். முதல் பயிற்சி ‘மணல்தொட்டி’ எனும் பயிற்சிப் பக்கத்திலேயே நடக்கட்டும். அங்கே பிழை செய்வதால் எவருக்கும் ஹானியில்லை.

விளம்பரம் புகுத்துவோரிடத்திலும் வேண்டுமென்றே பக்கங்களைப் பாழாக்குவோரிடத்திலும் இவ்வளவு பொறுமை தேவையில்லை. அவர்களுக்கும் காரணத்தை ஒருவரியில் சொல்லிவிட்டு நீக்கிவிடலாம்.

இத்தகைய பயிற்சிப் பட்டறை முடிந்ததும் நிழற்படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோவது நம்மிடையே சம்பிரதாயமாகிவிட்டது. அடுத்த பட்டறைக்கு நாள் குறிப்பதற்கு முன்பாக, சென்றமுறை வந்தவர்களின் பயனர் பெயர்களை எடுத்துவைத்துக்கொண்டு, அவர்கள் கடைசியாக எழுதிய கட்டுரையைப் படித்து, ஒவ்வொருவர் பேச்சுப் பக்கத்திலும் இரண்டு வரி எழுதுமாறு அமைப்பாளர்களை வேண்டிக்கொள்கிறேன்.