நலமா என்று ஒரு வரி

மும்பை நகரின் கிழக்கு ஓரத்தில் டிராம்பே இருக்கிறது. அங்கே சீத்தா கேம்ப் என்று ஒரு பெரிய குடியிருப்பு உண்டு. மான்குர்து ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்துப் போகலாம். தமிழ், உருது, மராத்தி, மலையாளம் பேசும் மக்கள் அங்கே அருகருகே வாழ்கிறார்கள். சந்துகள் மிகவும் குறுகியவை. ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் நான்கு வீட்டுக்கு மணக்கும்.

அங்கே ஒரு பெண் இருக்கிறார். வயது நாற்பது. நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். சிறு வயதில் அவர் பள்ளிக்குப் போகவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது மெதுவாக எழுதவும் செய்கிறார். அவர் பெயர் எதுவாகவும் இருக்கலாம். அவரைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அவருக்கு ஒரு தோழி உண்டு. பதினைந்து ஆண்டுகள் பக்கத்து வீட்டில் இருந்தவர். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக் கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தோழி திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார்.

பிரியும் போது, "அதான் போன் இருக்கே!" என்று இருவரும் சொல்லிக் கொண்டார்கள்.

தினம் ஒரு பூப்படம்

மகன் வாங்கித் தந்த கைப்பேசியில் வாட்ஸ்அப் இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு அந்தப் பெண் ஒரு படம் அனுப்புவார். ஒரு நாள் ரோஜாப் பூ. ஒரு நாள் தாமரை. படத்தின் கீழே 'காலை வணக்கம்' என்று இருக்கும். அது அவர் எழுதியது அல்ல. யாரோ அனுப்பியது. அதையே அறுபது பேருக்கு அனுப்பி விடுவார். சில தட்டு தட்டினால் போதும். வேலை முடிந்தது.

தோழிக்கும் அதே படம்தான் தினமும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியின் மகள் போனில் அழைத்தாள்.

"பெரியம்மா, நான் பேசுறேன். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகிப் பத்து நாளாச்சு. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில இருக்கோம்."

"அய்யோ! எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே கண்ணு?"

அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்.

"நீங்க அனுப்புற படத்தை அம்மா தினமும் பார்ப்பாங்க பெரியம்மா. 'இன்னிக்காவது எப்படி இருக்கேன்னு அக்கா கேப்பா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

பத்து நாளில் பத்துப் பூப்படங்கள் போயிருந்தன. 'நலமா?' என்று ஒரு சொல் போகவில்லை.

அம்மா சொன்ன கதை

அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய வயதான தாய் விவரம் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் பழைய கதையைச் சொன்னார்.

"எனக்கு அப்போ பத்து வயசு. நாங்க ஜனதா காலனியில இருந்தோம். ஒரே நாள்ல எல்லாம் போச்சு. இங்க வந்து இறங்கினப்போ பழைய பக்கத்து வீட்டுக்காரங்க எங்க இருக்காங்கன்னே தெரியல. உன் ஆச்சி சந்து சந்தாப் போய்த் தேடினா. அப்போ போனா இருந்துச்சு? கால்தான் இருந்துச்சு. போய்ப் பார்த்து, 'குடிக்கத் தண்ணி கெடச்சுதா, புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா'ன்னு கேட்டா. அப்படித்தான் மறுபடி ஒட்டிக்கிட்டோம்."

அந்தத் தாய் சொன்ன ஜனதா காலனி டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே இருந்தது. அந்த நிலம் மையத்துக்கு வேண்டும் என்றார்கள். மக்கள் நீதிமன்றம் போனார்கள். டெல்லி வரை போய் முறையிட்டார்கள். ஆனாலும் 1976-ஆம் ஆண்டு மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் இடம் பெயர்ந்தார்கள். சதுப்பு நிலமாக இருந்த சீத்தா கேம்ப்பில் அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள்.

அந்த மக்களைத் திரட்டியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் 1946-இல் பிறந்த தமிழர். இளம் வயதில் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்தவர். 1974-இல் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கினார். 2000-இல் மகசேசே விருதும், 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 2018-இல் காலமானார்.

இரண்டு ரூபாயும் இரண்டு வார்த்தையும்

1986-இல் பம்பாயில் 'மகிளா மிலன்' என்ற பெண்கள் அமைப்பு உருவானது. பைகுல்லாப் பகுதியில் நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஜோக்கினின் கூட்டமைப்பும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தது.

அவர்கள் தினமும் சேமித்தார்கள். ஒரு பெண் வீடு வீடாகப் போவார். ஒரு வீட்டில் ஒரு ரூபாய் தருவார்கள். ஒரு வீட்டில் இரண்டு ரூபாய். ஒரு வீட்டில் ஒன்றும் இருக்காது. அப்போதும் அவர் அந்த வாசலைத் தாண்டிப் போய்விட மாட்டார். "ஏன், இன்னிக்கு வேலை இல்லையா? உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்.

மாதம் ஒரு முறை வாங்கினால் நடை மிச்சம்தான். ஆனால் தினமும் போனதால் பணத்தோடு மனிதர்களும் சேர்ந்தார்கள். யார் வீட்டில் நோய், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரிந்தது. அவசரக் கடன் யாருக்குத் தர வேண்டும் என்பதும் தெரிந்தது. கடன் கொடுக்க அடகு கேட்கவில்லை. ஆளைத் தெரிந்திருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

இந்த வழியைப் பிற நாட்டு ஏழை மக்களும் வந்து பார்த்தார்கள். தென்னாப்பிரிக்க மக்கள் இங்கே வந்தார்கள். இங்கிருந்து அங்கே போனார்கள். மொழி வேறு. ஆனாலும் ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து, ஒருவர் கஷ்டத்தை ஒருவர் கேட்டார்கள். 1996-இல் பல நாட்டுக் குடிசைவாசிகளும் சேர்ந்த உலக அமைப்பு ஒன்று பிறந்தது.

உறவுக்குத் தூரம் தடை இல்லை. கேட்காமல் இருப்பதுதான் தடை.

முதல் வரி

மறுநாள் காலை அந்தப் பெண் பூப்படம் அனுப்பவில்லை. கைப்பேசியை மடியில் வைத்துக் கொண்டார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.

'எப்டி இருக்க தங்கம் வலி கொறஞ்சதா சாப்டியா'

பத்து நிமிடம் ஆனது. அதில் பிழை இருந்தது. புள்ளியும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. அப்படியே அனுப்பினார்.

சிறிது நேரத்தில் தோழியின் மகள் குரல் பதிவு அனுப்பினாள். "பெரியம்மா, அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். மறுபடி படி, மறுபடி படின்னு மூணு தடவை கேட்டாங்க. வலி குறைஞ்சிருக்கு. சோறுதான் இறங்கல. நான் ஒருத்திதான் இருக்கேன். கஞ்சி வாங்கக்கூட வெளியே போக முடியல."

சீத்தா கேம்ப் சந்துப் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. 'தண்ணீர் வந்தது', 'ரேஷன் கடை திறந்தது' என்று அதில் செய்தி வரும். அந்தப் பெண் அதில் எழுதினார். 'பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி பக்கம் யாருக்காவது சொந்தம் இருக்கா'

எதிர்ச் சந்து அக்கா ஒருவர் உடனே பதில் போட்டார். அவருடைய தங்கை மேலப்பாளையத்தில் இருக்கிறார். அன்று மாலையே அந்தத் தங்கை ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி போல இளக்கமாகக் காய்ச்சி எடுத்துப் போனார். அதுவரை அவர் தோழியைப் பார்த்ததே இல்லை.

கைப்பேசி கஞ்சி காய்ச்சாது. ஆனால் கஞ்சி காய்ச்சும் கையிடம் செய்தியைக் கொண்டு போகும். அதற்கு, கேட்கும் மனமும் பதில் சொல்லும் மனமும் வேண்டும்.

உறவு போல வரும் வலை

போனில் வருவது எல்லாம் உறவு ஆகாது. இதையும் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஃபேஸ்புக்கில் முகம் தெரியாத ஒருவர் நட்புக் கேட்பார். வெளிநாட்டில் டாக்டர் என்பார். அழகான படம் இருக்கும். தினமும் இனிக்க இனிக்கப் பேசுவார். சில வாரம் கழித்து, 'உனக்கு நகை, பணம் எல்லாம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்' என்பார். பிறகு வேறு ஒருவர் போன் செய்வார். 'சுங்கத் துறையில் பார்சல் நிற்கிறது. வரி கட்டினால் விடுவோம்' என்பார். பணம் கட்டினால் இன்னும் கேட்பார்கள். பார்சலும் வராது, டாக்டரும் இருக்க மாட்டார். இது நாட்டில் பல இடங்களில் நடந்த ஏமாற்று.

சுங்கத் துறை இப்படிப் போன் செய்து தனி ஆள் கணக்கில் பணம் போடச் சொல்லாது. ஏமாந்து விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

உண்மை உறவு அவசரப்படுத்தாது. 'யாரிடமும் சொல்லாதே' என்று சொல்லாது. வங்கிக்கான ரகசிய எண்ணைக் கேட்காது.

ஒரு கேள்வி கேட்டிருந்தால்

2018-ஆம் ஆண்டு, 'பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அந்த ஆண்டு மே மாதம் சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போனது. வழி கேட்க நின்றார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்கு 65 வயது மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்துக் கூட்டம் அடித்தது. அந்த மூதாட்டி இறந்து போனார்.

அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிராவில் தூலே மாவட்டம் ராய்ன்பாடா கிராமத்தில், இதே வதந்தியால் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுத்து வாழும் நாடோடி மக்கள் அவர்கள்.

அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்ல. 'நம்ம பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும்' என்று பயந்து அனுப்பியவர்களே பலர். ஆனால் 'இது உண்மையா?' என்று கேட்கவில்லை. வந்தவரிடம், 'எந்த ஊர், எங்கே போகிறீர்கள்?' என்றும் பொறுமையாகக் கேட்கவில்லை.

அந்த ஜூலை மாதமே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்தால் சற்று நில்லுங்கள். தெரியாத செய்தியை அனுப்பாமல் இருப்பதும் அக்கம்பக்கத்துக்குச் செய்யும் உதவிதான்.

நினைவில் வைப்போம்

1. அறுபது பேருக்கு ஒரே படம் அனுப்புவதை விட, ஒருவருக்கு ஒரு வரி எழுதுவது மேல்.

2. பேரைச் சொல்லிக் கேட்போம். முன்பு அவர் சொன்னதை நினைவு வைத்துக் கேட்போம். 'முழங்கால் வலி எப்படி இருக்கு?' என்றால் அது உறவு.

3. பதில் வராவிட்டால் கோபப்பட வேண்டாம். என்ன கஷ்டமோ என்று போனில் அழைத்துக் கேட்போம்.

4. குரூப்பில் சண்டை மூண்டால் அங்கே வளர்க்க வேண்டாம். நேரில் போய்ப் பேசுவோம்.

5. அடுத்தவர் படத்தையும் குடும்ப விஷயத்தையும் கேட்காமல் அனுப்பக் கூடாது.

6. முகம் தெரியாதவர் பணம் கேட்டால், வீட்டில் சொல்லாமல் எதுவும் செய்யக் கூடாது.

7. எழுத்துப் பிழைக்கு வெட்கப்பட வேண்டாம். அன்பாகக் கேட்பது எல்லோருக்கும் புரியும்.

தோழி குணமாகி வீடு திரும்பினார். இப்போது அவரும் எழுத்துக் கற்கிறார். மகள்தான் ஆசிரியை. போன வாரம் அவர் முதன்முதலாகத் தன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பினார்.

'அக்கா நீ சாப்டியா'

பேசிப் பார்ப்போம்

1. தோழி ஏன் வருத்தப்பட்டார்?

2. மகிளா மிலன் பெண்கள் தினமும் வீடு வீடாகப் போனதால் என்ன பயன் கிடைத்தது?

3. போளூர் அருகே நடந்தது உங்கள் தெருவில் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

எழுதிப் பார்ப்போம்

நீங்கள் நெடுநாள் விசாரிக்காத ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் பெயரை எழுதுங்கள். அவரிடம் கேட்க விரும்பும் ஒரு வரியை எழுதுங்கள். இன்றே அனுப்புங்கள்.

சொல்லும் பொருளும்

வதந்தி – உண்மை தெரியாமல் பரவும் செய்தி
சதுப்பு நிலம் – எப்போதும் ஈரமும் சேறுமாக உள்ள நிலம்
குரல் பதிவு – பேசி அனுப்பும் செய்தி
சுங்கத் துறை – வெளிநாட்டுப் பொருளுக்கு வரி வாங்கும் அரசுத் துறை