டார்ச் எத்தனை மீட்டர் தாங்கும்?

பெட்டியின் மேல் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மழையில் நனையலாம் என்பதற்கும் அதே சொல்தான், 30 மீட்டர் ஆழத்தில் முக்கால் மணி நேரம் எரியும் என்பதற்கும் அதே சொல்தான். ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போக, மலையேற்றத்துக்கு, அப்படியே அந்தமான் போனால் இரவு டைவுக்கு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையடக்க டார்ச் தேடுகிறவர்கள் லூமனைப் பார்ப்பதற்கு முன்னால் மீட்டரைப் பார்க்க வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் நீர்காப்புக் குறி ஐ.பி.எக்ஸ். 7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 8 அதற்கும் மேல். எவ்வளவு மேல் என்பதைத் தயாரிப்பவரே சொல்லிக்கொள்ளலாம். ஒரு டார்ச்சில் அது 2 மீட்டராக இருக்கும், இன்னொன்றில் 100 மீட்டராக இருக்கும். கடலில் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. முதல் நிலை டைவர்களுக்கு எல்லையாக வைத்திருக்கும் 18 மீட்டரில், கரையில் உள்ளதைப்போல் 2.8 மடங்கு அழுத்தம் டார்ச்சை எல்லாப் பக்கமும் நெருக்கும். ஆகவே 8 என்று மட்டும் போட்டு மீட்டரைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதை மழை டார்ச் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயலுக்கு அது தாராளம். கடலுக்கென்றால் 100 மீட்டர் என்று எழுதியிருப்பதைத்தான் நான் வாங்குவேன், 30 மீட்டரைத் தாண்டப்போவதில்லை என்றாலும்.

சரி, டைவ் டார்ச்சையே கரையிலும் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம், ஒரு சங்கடத்தோடு. பெரிய டைவ் டார்ச்சுகள் கடல்நீர் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. காற்றில் முழு வெளிச்சத்தில் வைத்தால் சில நிமிடங்களிலேயே கை தாங்காத சூடு ஏறிவிடும். அதனால் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இருந்தே ஆகவேண்டும். கூடாரத்துக்குள் செருப்பைத் தேட 1,000 லூமன் எதற்கு? சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிடும் மாதங்களில் ஆமையைத் தேடி இரவு நடைக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பளீரென்று அடித்தால் கரையேற வந்த ஆமை திரும்பிப் போய்விடும். குஞ்சுகளோ கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கி நகரும்.

வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட எப்படி விரிகிறது என்பதுதான் தண்ணீருக்குள் முக்கியம். கலங்கிய நீரில் அகலமாக விரியும் ஒளியை அடித்தால், மிதக்கும் தூசியெல்லாம் மின்னி, பனிமூட்டத்தில் காரின் ஹை பீமைப் போட்ட கதையாகிவிடும். 6 முதல் 10 டிகிரி வரையிலான குறுகிய கற்றை அதைத் துளைத்துப்போகும். சைகை காட்டவும் அதுதான் வசதி: தரையில் மெதுவாக வட்டம் போட்டால் ‘நலம்’, பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் ‘ஆபத்து’. 100 டிகிரிக்கு மேல் விரிபவை வீடியோ எடுப்பவர்களுக்கானவை. கரையில் நிலைமை தலைகீழ். வரப்பில் நடக்கும்போது காலடியும் தெரியவேண்டும், ஓரத்தில் பாம்பு கிடந்தால் அதுவும் தெரியவேண்டும். நடுவில் கூர்மையும் சுற்றிலும் மங்கலான விரிவும் உள்ள கற்றைதான் இரண்டுக்கும் ஒத்துவரும்.

இனி லூமன். 18650 என்று சொல்லும் லித்தியம் பேட்டரிக் கட்டை 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் கொண்டது. நல்ல கட்டையில் 3,500 மில்லி ஆம்பியர் மணி, அதாவது சுமார் 12 வாட் மணி இருக்கும். எல்.இ.டி. ஒரு வாட்டுக்குத் தோராயமாக 100 லூமன் தருகிறது என்று வையுங்கள். அப்படியானால் 1,000 லூமன் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். ஒற்றைக் கட்டையில் 10,000 லூமன் எட்டு மணி நேரம் என்பதும், கட்டையின் மேல் 9,900 என்று அச்சடித்திருப்பதும் பச்சைப் பொய். நல்ல கம்பெனிகள் போடும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. எஃப்.எல்.1 என்ற தரப்படி, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எரிந்த நேரமெல்லாம் கணக்கில் சேரும். வயலில் அது பாதகமில்லை. ஆழத்தில் பாதி டைவிலேயே மங்கினால் வயிறு கலங்கும்.

சுவிட்சில் எனக்குப் பிடித்தது காந்த வளையம். உடம்பில் துளை இல்லாததால் தண்ணீர் புக அந்தப் பக்கம் வழியில்லை. மணல் சிக்கினால் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். திசைகாட்டியை மட்டும் தள்ளிப் பிடியுங்கள். தலையைத் திருகி எரியவைக்கும் ரகத்தில், அணைக்கும் அவசரத்தில் ஒரு சுற்று கூடிவிட்டால் கடல் உள்ளே வந்துவிடும். ரப்பர் மூடி போட்ட யு.எஸ்.பி. துளை கரைக்கு மட்டும். கடலுக்கு, கட்டையைக் கழற்றி வெளியே சார்ஜ் போடும் ரகமே நல்லது.

வருடத்துக்கு ஒருமுறை டைவ் செய்கிறவர் பெரிய டார்ச்சை வாங்க வேண்டாம், டைவ் சென்டரிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். இரவு டைவில் ஆளுக்கு இரண்டு டார்ச் வேண்டும். அந்த இரண்டாவதை, கையளவுள்ள மாற்று டார்ச்சை, சொந்தமாக வாங்குங்கள். ஒரே கட்டை, 500 முதல் 1,000 லூமன், குறைந்த வெளிச்ச நிலை, மணிக்கட்டுக் கயிறு. ஊருக்கு வந்ததும் வயலுக்கு எடுத்துப்போக ஏற்றதும் அதுதான். கடல் பக்கமே போகாதவர் இத்தனையும் யோசிக்க வேண்டாம். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது உதவும் ஐ.பி.எக்ஸ். 7 ஹெட்லைட் ஒன்று போதும்.

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஓர் இரவு, 12 மீட்டரில் என் டார்ச் இரண்டு முறை மினுக்கிவிட்டு அணைந்தது. மேலே வந்து பார்த்தால், திருகு மரையில் இருந்த ஓ-ரிங்கின் குறுக்கே ஒரே ஒரு தலைமுடி. அன்றிலிருந்து மூடுவதற்கு முன் அந்த வளையத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்து, சிலிக்கான் கிரீஸை மினுமினுப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் பூசுகிறேன். புது டார்ச் என்றால் வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் முக்கிப் பார்ப்பேன். உள்ளே காற்று சூடாகி விரியும்போது, ஓட்டை இருந்தால் பொடிப்பொடியாகக் குமிழி வரும். ஆழத்தைத் தாங்குமா என்பதை வாளி சொல்லாது, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைச் சொல்லிவிடும். கடல்நீர் புகுந்த லித்தியம் டார்ச்சுக்குள் வாயு சேர்ந்திருக்கக்கூடும்; மூடி தெறிக்கும். முகத்துக்கு நேரே வைத்துத் திறக்காதீர்கள், அந்தக் கட்டையை மறுபடி சார்ஜில் போடாதீர்கள்.