ரத்தம் கம்மியா? கண் இமைக்குள் பாருங்கள்

மூணாறு, தேவிகுளம், பீருமேடு தேயிலைக் காடுகளிலும் உடும்பன்சோலை ஏலத் தோட்டங்களிலும் வேலை பார்க்கும் பெண்களிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, அசதிதான்" என்பார்கள். அந்த அசதியை அப்படியே விட்டுவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் கேரளத்தில் நூற்றுக்கு 36 பேருக்கும் தமிழ்நாட்டில் 53 பேருக்கும் ரத்தசோகை இருக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. ஆனால் அட்டப்பாடி போன்ற இடங்களில் பிறவியிலேயே வரும் சிக்கிள் செல் சோகையும் உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதலில் வெளிச்சத்துக்கு வாருங்கள். லயத்து வீட்டு பல்பின் கீழ் எல்லார் முகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். வாசலில் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கையைக் கழுவிவிட்டு, கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்லக் கீழே இழுங்கள். மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமையின் உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் சந்தேகப்படுங்கள். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் முகம் வெளுத்தது சட்டென்று தெரியாது, அதனால் இமை, நாக்கு, உள்ளங்கை மூன்றையும் பாருங்கள். கொழுந்து கிள்ளுகிறவர்களின் விரல்களில் கறை ஏறியிருக்கும். அங்கே பார்த்துப் பயனில்லை, உள்ளங்கையின் நடுவையும் ரேகைகளையும் பாருங்கள். பக்கத்தில் ஆரோக்கியமான ஒருவரின் கையை வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் பிடிபடும். நகம் நடுவில் குழிந்து ஓரம் தூக்கியிருந்தாலும், வாயோரம் அடிக்கடி வெடித்தாலும், நாக்கு வழவழப்பாகி எரிந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேட்பது. "மூச்சு வாங்குதா?" என்று பொதுவாகக் கேட்டால் மேட்டில் ஏறினால் எல்லாருக்கும் வாங்கும் என்று பதில் வரும். போன வருஷம் நிற்காமல் ஏறிய மேட்டில் இப்போது எத்தனை இடத்தில் நிற்கிறாய் என்று கேளுங்கள். எழுந்தால் கிறுகிறுப்பு, படபடப்பு, அடிக்கடி தலைவலி, முடி கொட்டுவது பற்றிக் கேளுங்கள். பச்சரிசி, சாம்பல், மண், சாக்பீஸ் தின்ன ஆசை வருகிறதா என்பதையும் கேளுங்கள். கூச்சத்தில் தானாகச் சொல்லமாட்டார்கள், திட்டவும் கூடாது, அது உடம்பு காட்டும் அறிகுறி. மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறதா, கட்டிகட்டியாகப் போகிறதா? செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடக்கிறாரா? கொக்கிப்புழு பாதத் தோல் வழியாக ஏறிக் குடலில் ரத்தம் உறிஞ்சும். ஆண்களுக்குச் சோகை என்றால் இன்னும் கவனம் வேண்டும்: மூலத்திலோ குடலிலோ ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம்.

சிக்கிள் செல் விஷயத்துக்கு வருவோம். 1952இலேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம் இதைக் கண்டறிந்தார்கள். நீலகிரியை ஒட்டிக் கிடக்கும் அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் குடும்பங்கள் இருக்கின்றன. சோகையோடு கண் வெள்ளை மஞ்சளாவது, எலும்பிலும் மூட்டிலும் திடீரென்று தாங்கமுடியாத வலி, கைக்குழந்தையின் கையும் காலும் வீங்கி அழுவது, அடிக்கடி காய்ச்சல் இவையெல்லாம் இதன் அடையாளம். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லாரும் சோதித்துக்கொள்ளுங்கள். இந்த நோய் இருப்பவர் மருத்துவர் சொல்லாமல் இரும்புச்சத்து மாத்திரையைத் தானாக எடுக்கக் கூடாது.

இமை பார்ப்பது சந்தேகம் எழுப்பத்தான். லேசான சோகை கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே ஆஷா பணியாளரிடம் சொல்லி, துணை மையத்திலோ குடும்ப ஆரோக்கிய மையத்திலோ ஹீமோகுளோபின் பாருங்கள். 2023இல் தொடங்கிய விவா கேரளம் திட்டம் சோகையைக் கண்டறிந்து குறைக்கவே வந்தது. அட்டப்பாடிக்காரர்களுக்குக் கோட்டத்தறை பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. "கொஞ்சம் கம்மி" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள், எண்ணை எழுதி வாங்குங்கள். பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குள் குழந்தைக்கும் 11, ஆணுக்கு 13. இதற்குக் கீழே இறங்கினால் சோகை. கர்ப்பிணிக்கு 7க்குக் கீழ் என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலும், நெஞ்சு வலித்தாலும், மயங்கி விழுந்தாலும், சிக்கிள் செல் குழந்தைக்குக் காய்ச்சலோ திடீர் வெளிறலோ இடப்பக்க வயிறு வீங்குவதோ இருந்தாலும் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் விடாமல் சாப்பிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயமில்லை. வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு ராத்திரியில் போடலாம். தேயிலைக்காட்டில் முக்கியமான விஷயம் ஒன்று: சாப்பாட்டோடும் மாத்திரையோடும் கட்டஞ்சாயா வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தைக் குடலில் ஏறவிடாது. சாயாவை ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். முருங்கைக்கீரை, ராகி, கருவாடு, முடிந்தால் ஈரல். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் கீரையின் சத்து நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை இதோடு சேர்க்காமல் வேறு வேளையில் போடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். எண் ஏறவே இல்லையென்றால் காரணம் வேறாக இருக்கலாம், மருத்துவரிடம் திரும்பப் போங்கள். எண் சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டியிருக்கும்.

தலைப்பிரசவத்துக்குப் போடிக்கோ கம்பத்துக்கோ தாய்வீடு போகிற பெண்களுக்கு ஊர் மாறும்போதுதான் மாத்திரை விட்டுப்போகிறது. கிளம்பும்முன் தாய்–சேய் அட்டையையும் கடைசி ரத்தச் சோதனைச் சீட்டையும் எடுத்துவைத்து, இரண்டு மாத மாத்திரையை வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கத்து ஆஷாவிடம் போகும் ஊரைச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் முதல் வாரத்திலேயே அட்டையைக் காட்டுங்கள். சிக்கிள் செல் இருந்தால் அதை அட்டையின் மேல்பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.